ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை

ஜூன் 3

காலை எட்டு மணி ஆனதும் நிதி நிறுவனத்தின் சார்பில் அழைப்பு வந்தது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடனாளியை அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் வெளியிட்ட சுற்றறிக்கை கூறுகிறது. இன்றைய அழைப்பு அந்த வரம்பை மீறவில்லை என்பதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்; நாளை யாரேனும் ஒருவர் முன்னால் இதை விரித்துக் காட்ட நேர்ந்தால், எனக்குச் சாதகமானவற்றை மட்டும் எழுதி வைத்திருக்கிறாள் என்று யாரும் சொல்லக் கூடாது. தேதி, நேரம், எண், பேசியவர் பெயர், எந்த ஏஜென்சி, அவர் சொன்னது, நான் சொன்னது என்று வரிசையாக எழுதுகிறேன். நான் சொல்வது ஒவ்வொரு முறையும் ஒன்றுதான்: மூன்று கடன்களையும் தவணையில் தீர்த்துக்கொள்ளச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்திருக்கிறேன், மனு எண் இது, எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள்.

ஜூன் 4

அக்காவை அழைத்திருக்கிறார்கள்.

ஜூன் 5

நேற்று ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. கடன் விண்ணப்பத்தில் தெரிந்தவர் ஒருவரின் எண்ணைக் குறிப்பிடச் சொல்லும் கட்டத்தில் அக்காவின் எண் இருக்கிறது, அவ்வளவுதான். நிதி நிறுவனத்தின் கடனுக்கு அவள் ஜாமீன் போட்டவள் அல்லள். அந்தக் காகிதத்தில் எந்த இடத்திலும் அவள் கையெழுத்து இல்லை. ஆனாலும் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகக் காத்திருந்தவளை அழைத்து, உங்கள் தங்கை ஓடி ஒளிந்துவிட்டாளா என்று கேட்டிருக்கிறார்கள். நான் ஓடவில்லை. ஒவ்வொரு அழைப்பையும் எடுத்துப் பேசுகிறேன்.

குடும்பத்தினர், நண்பர்கள், விண்ணப்பத்தில் குறிப்பிடப்பட்டவர்கள் ஆகியோரின் தனிமையில் தலையிடுவதையும் அதே சுற்றறிக்கை தடை செய்திருக்கிறது. அந்தப் பத்தியை எடுத்துக்காட்டி, அழைப்பு வந்த நேரத்தையும் எண்ணையும் குறிப்பிட்டு, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பர் முதல் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் சேர்த்து ஒரே திட்டம் நடைமுறையில் இருக்கிறது, கட்டணமும் கிடையாது. எழுதி அனுப்பிய பிறகும் கோபம் அடங்கவில்லை. அக்கா ஒன்றும் கேட்கவில்லை, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 9

வழக்கறிஞர் அம்மாவுடன் உட்கார்ந்து வரவு செலவைக் கணக்கிட்டோம். சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பது எனக்கு இந்த ஆண்டுதான் தெரிந்தது. இது இன்னும் எத்தனை பேருக்குத் தெரியாமல் இருக்கிறதோ என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

வாடகை, மின்சாரம், மருந்து, பள்ளிக் கட்டணம், பயணச் செலவு எல்லாம் போக மாதந்தோறும் எவ்வளவு மிஞ்சுகிறதோ அதை மூன்று பங்காக, கடனின் அளவுக்கு ஏற்பப் பிரித்தார். மிஞ்சும் நூறு ரூபாயில் 54 ரூபாய் வங்கிக்கு, 29 நிதி நிறுவனத்துக்கு, 17 கிரெடிட் கார்டுக்கு. காகிதத்தில் பார்க்கும்போது எளிமையாக இருக்கிறது, ஆனால் நடைமுறை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. மிகச் சிறிய பங்குக்கு உரிய கார்டுக்காரர்கள்தான் அதிகமாக அழைக்கிறார்கள், அதிகமாகக் குரலை உயர்த்துகிறார்கள். மிகப் பெரிய பங்குக்கு உரிய வங்கியோ மாதம் ஒரு கடிதத்தோடு நிறுத்திக்கொள்கிறது. கத்துகிறவருக்கு முதலில் கொடுத்து அன்றைய நாளைக் கடத்துவது என்று தொடங்கினால், அமைதியாக இருப்பவரின் பணம்தான் அதற்குப் போகும், இந்த ஒப்பந்தமும் கையெழுத்தாவதற்கு முன்பே உடைந்துவிடும். இந்தக் காத்திருப்புக் காலம் முழுவதும் நான் காக்க வேண்டியது இந்த 54, 29, 17 ஆகிய மூன்று எண்களைத்தான் என்று வழக்கறிஞர் அம்மா சொன்னார். நோட்டின் முதல் பக்கத்தில் அவற்றை எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூன் 10

இன்று ஒருவரும் அழைக்கவில்லை. நாள் முழுவதும் கைப்பேசியை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 12

கார்டு கடனுக்காக ஒருவர் வீட்டுக்கு வந்தார். வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. முகவர் நேரில் வரும்போது அடையாள அட்டை, வங்கி கொடுத்த அதிகாரக் கடிதம், எனக்கு அனுப்பப்பட்ட நோட்டீஸின் நகல் ஆகிய மூன்றும் அவரிடம் இருக்க வேண்டும் என்பது 2008 முதலே உள்ள விதி. மூன்றையும் கேட்டேன். கழுத்தில் தொங்கிய அட்டையை மட்டும் காட்டினார். பிளாஸ்டிக் உறையின் ஓரம் பிளந்து, உள்ளே வியர்வை இறங்கி மை பரவியிருந்தது. ஏஜென்சியின் பெயருக்குக் கீழே இருந்த செல்லுபடித் தேதி மார்ச் மாதத்திலேயே முடிந்திருந்தது. அதைச் சுட்டிக்காட்டியதும் அட்டையைத் திருப்பிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, இன்றைக்குச் சிறிதளவு கட்டினாலும் போதும், மேலே சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன் என்று தன் கைப்பேசியில் ஒரு கியூஆர் குறியீட்டைத் திறந்து நீட்டினார். அதில் இருந்தது ஒரு தனிநபரின் பெயர். கடன் கணக்கு எண்ணுக்கு நேரடியாகச் செலுத்தி ரசீது பெறுவதைத் தவிர வேறு எந்த வழியிலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். அவர் வாக்குவாதம் செய்யவில்லை. தண்ணீர் கேட்டார், குடித்தார், போய்விட்டார். அவருக்கும் மாத இலக்கு ஒன்று இருக்கும். அதற்காக அந்தப் பதினேழு ரூபாயைத் தனிநபர் கணக்கில் போட முடியாது.

ஜூன் 16

வாட்ஸ்அப்பில் "கைது ஆணை" என்ற தலைப்பில் ஒரு காகிதம் வந்தது. மேலே சிங்க முத்திரை, கீழே படிக்க முடியாத ஒரு கையெழுத்து, எந்த நீதிமன்றம் என்ற விவரம் இல்லை, வழக்கு எண் இல்லை. தவணை கட்ட இயலாமற்போவது குற்றம் ஆகாது, அது உரிமையியல் விவகாரம், வாட்ஸ்அப்பில் யாரும் வாரண்ட் அனுப்ப முடியாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் இரவு வெகுநேரம் கண்ணை மூட முடியவில்லை, வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன்.

காலையில் வழக்கறிஞர் அம்மா அந்தக் காகிதத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதைச் சேமித்து வையுங்கள், புகாருக்குப் பயன்படும் என்றார். ஆனால் அவர் வேறொன்று கேட்டார்: கடன் வாங்கும்போது வெற்றுக் காசோலைகளில் கையெழுத்திட்டுக் கொடுத்தீர்களா? வங்கிக்குக் கொடுத்திருக்கிறேன். காசோலை திரும்பினால் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு வந்துவிடும், அது குற்றவியல் வழக்கு. நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் பணத்தைக் கட்டியாக வேண்டும். தானியங்கிப் பற்று, அதாவது தவணை கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படுவது, பணமின்றித் திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 25-ஆம் பிரிவு அதே போன்றது என்றார். போலிக் காகிதத்துக்குப் பயந்து விழித்திருந்தேன்; உண்மையில் கவனிக்க வேண்டியவை வங்கியின் பெட்டகத்தில் இருக்கும் அந்தக் காசோலைகள்.

ஜூன் 17

காசோலைகள். ஒப்பந்த வரைவில் அவற்றைத் திருப்பித் தரும் நிபந்தனை இருக்க வேண்டும்.

ஜூன் 18

சம்பளம் வரும் கணக்கைக் கடன் இல்லாத வேறொரு வங்கிக்கு மாற்றினேன். கடன் கொடுத்த வங்கியிலேயே சம்பளமும் விழுந்தால், நிலுவைக்கு ஈடாக அதை எடுத்துக்கொள்ள வங்கிக்கு வழி உண்டு. அப்படி எடுத்துக்கொண்டால் அந்த மாத வாடகையும் போய்விடும், மற்ற இருவரின் பங்கும் போய்விடும். அலுவலகக் கணக்குப் பிரிவில் படிவம் கொடுக்கும்போது காரணம் கேட்பார்களோ என்று கூசினேன். யாரும் கேட்கவில்லை.

ஜூன் 24

வங்கியிடம் எழுத்தில் கேட்டிருந்த கணக்கு விவரம் கடைசியில் வந்து சேர்ந்தது. இரவு முழுவதும் அதையே வரி வரியாகப் படித்தேன். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தவணை தவறியதற்கான கட்டணம் எவ்வளவு என்று மூன்று வண்ணப் பேனாக்களால் பிரித்துக் குறித்தேன். அபராத வட்டி என்ற பெயரில் வட்டி விகிதத்தின் மேல் ஏற்றி வசூலிக்கக் கூடாது, அபராதக் கட்டணமாக மட்டுமே விதிக்கலாம், அந்தக் கட்டணத்தின் மேல் மீண்டும் வட்டி கணக்கிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் அறிவித்து, 2024-இல் நடைமுறைக்கும் கொண்டு வந்துவிட்டது. கிரெடிட் கார்டுகளுக்கு அந்த விதி பொருந்தாது. ஆனால் வங்கிக் கடனுக்குப் பொருந்தும். என் கணக்கிலோ கட்டணம் அசலோடு சேர்க்கப்பட்டு, அடுத்த மாத வட்டி அந்தக் கூட்டுத்தொகையின் மேல் போடப்பட்டிருக்கிறது. அந்த வரிகளைச் சுற்றிக் கோடு போட்டு, திருத்திய கணக்கைத் தருமாறு கடிதம் எழுதினேன்.

கட்டுவதற்குத் தயாராக இருக்கிறவளுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பது சரியாகத் தெரிய வேண்டும். இதைக் கேட்பதற்கு நான் கூச்சப்படப் போவதில்லை.

ஜூன் 25

மாலை 6.58-க்கு அழைப்பு. எடுத்தேன், பேசினேன், எழுதினேன்.

ஜூலை 1

அத்தான் வந்திருந்தார். வங்கிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர் அவர்தான். இத்தனை நாட்களாக எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்த விஷயம் இது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் வங்கி முதலில் என்னிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் வர வேண்டும் என்பது கூட இல்லை, இன்றைக்கே அவரிடம் கேட்கலாம். அவருடைய ஓய்வூதியப் பணம் அதே வங்கியில்தான் நிரந்தர வைப்பாக இருக்கிறது. இதை நினைக்காமல் நான் ஒரு நாளும் தூங்கியதில்லை.

அவரிடம் எல்லாவற்றையும் விரித்துக் காட்டினேன்: நோட்டு, பங்குக் கணக்கு, வங்கியின் கடிதங்கள். எனக்கும் வங்கிக்கும் மட்டும் ஒப்பந்தம் ஏற்பட்டு, அவர் அதில் இல்லாமல் போனால் பின்னால் குழப்பம் வரும், வங்கியும் அதற்கு ஒப்புக்கொள்ளாது. ஆகவே அவரும் ஒரு தரப்பினராகக் கையெழுத்திட வேண்டும், நான் தவணை தவறாத வரை அவர்மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையும் வேண்டும் என்று வழக்கறிஞர் அம்மா சொன்னதைச் சொன்னேன். அத்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பங்குக் கணக்கை இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். பிறகு, "மருந்துச் செலவைக் குறைச்சுப் போட்டிருக்கியேம்மா, அதைச் சரியா எழுது, இல்லன்னா மூணாவது மாசமே தவணை நின்னுபோகும்" என்றார். கையெழுத்திட வருவதாகவும் சொன்னார். அவர் போன பிறகு நீண்ட நேரம் அழுதேன்.

ஜூலை 2

மருந்துச் செலவைத் திருத்தினேன். மிஞ்சும் தொகை குறைந்தது. பங்குகள் அதே 54, 29, 17.

ஜூலை 4

நிதி நிறுவனத்திலிருந்து பதில் வந்துவிட்டது. அக்காவின் எண்ணை நீக்கிவிட்டார்களாம், முகவருக்கு அறிவுறுத்தியிருக்கிறார்களாம். என்னுடைய தவணைத் திட்டத்தையும் மக்கள் நீதிமன்றத்தில், அதாவது ஆணைக்குழு நடத்தும் சமரச அமர்வில், ஏற்கத் தயார் என்று கடைசிப் பத்தியில் இருந்தது. அக்காவிடம் படித்துக் காட்டினேன். இந்தச் சில வாரங்களில் இப்படி ஒரு நல்ல நாள் வந்ததில்லை.

ஜூலை 9

வங்கி அதிகாரியுடன் பேச்சு. மொத்தத் தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்கிறோம், மீதியை மூன்று மாதங்களுக்குள் கட்டிவிடுங்கள் என்கிறார். மூன்று மாதங்களுக்கு மேல் நீளும் சமரசத்தை மறுசீரமைப்பாக, அதாவது கடனின் நிபந்தனைகளையே மாற்றியமைப்பதாக, கருத வேண்டும் என்று 2023 ஜூன் மாத வழிகாட்டுதல் இருப்பதால், நீண்ட தவணை கொடுப்பதற்கு அவர்களுக்கு மேலிடத்து ஒப்புதல் தேவைப்படுகிறது. அவர் மறைக்காமல் விளக்கியது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மூன்று மாதங்களில் கட்ட என்னால் இயலாது. கட்ட வேண்டுமானால் இன்னொருவரிடம் கடன் வாங்க வேண்டும். தள்ளுபடி குறைந்தாலும் பரவாயில்லை, காலத்தைக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். காசோலைகளைப் பற்றியும் கேட்டேன். கோப்பில் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

ஜூலை 14

வங்கி ஒப்புக்கொண்டுவிட்டது! வரைவு வந்திருக்கிறது. தவறாகச் சேர்த்த வட்டியை நீக்கியிருக்கிறார்கள். காசோலைகளைக் கடைசித் தவணைக்குப் பின் நிலுவையின்மைச் சான்றிதழோடு திருப்பித் தருவதாக எட்டாவது நிபந்தனை சொல்கிறது. அதுவரை அவற்றை வங்கியில் செலுத்தக் கூடாது என்ற வரியைச் சேர்க்கக் கேட்டிருக்கிறோம்.

ஆனால் ஆறாவது நிபந்தனை என்னை உறுத்துகிறது. ஒரு தவணை தவறினாலும் நீக்கிய வட்டி முழுவதும் திரும்பி வருமாம். மக்கள் நீதிமன்றத்தின் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மீது மேல்முறையீடு கிடையாது. அந்த உறுதிக்காகத்தான் நான் அங்கே போகிறேன். அதே உறுதி ஆறாவது நிபந்தனைக்கும் உண்டு. ஒரு மாதம் காய்ச்சலில் படுத்துச் சம்பளம் பிடித்தம் செய்யப்பட்டால் என்ன ஆவது? தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினால் மட்டும் என்று மாற்றித் தருமாறு கேட்கப் போகிறோம். இரு தரப்பும் சம்மதித்தால்தான் தீர்வு, யாரும் யார்மீதும் எதையும் திணிக்க முடியாது. ஆகவே கேட்பதற்கு எனக்கு உரிமை இருக்கிறது.

ஜூலை 15

அக்காவுக்கு மறுபடியும் அழைப்பு. இம்முறை கார்டு ஏஜென்சி.

ஜூலை 17

ஆறாவது நிபந்தனையை மாற்றிவிட்டார்கள். அத்தான் நாளை மக்கள் நீதிமன்றத்துக்குப் பத்து மணிக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அடையாள அட்டை நகல்கள், சம்பளச் சீட்டுகள், வரைவின் பிரதிகள், நோட்டு எல்லாம் ஒரே பையில் இருக்கின்றன.

கார்டு நிறுவனம் மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை. மாலை 6.50-க்கு அழைத்தவர், இன்றிரவே பாதியைக் கட்டினால் கணக்கையே முடித்துவிடலாம் என்றார். முதல் மாதத் தவணைக்காக எடுத்து வைத்திருக்கும் பணம் ஏறக்குறைய அவர் கேட்ட தொகைதான். நிறுவனத்தின் முகப்புத்தாளில் கடிதமாக அனுப்புங்கள், நாளை அமர்வில் எல்லோர் முன்னிலையிலும் பேசலாம் என்றேன். அரை மணி நேரத்தில் அனுப்புவதாகச் சொன்னார். மணி இப்போது 9.40, மின்னஞ்சல் வரவில்லை.