ஈசிஜி சரியாக இருந்தது, வலி மட்டும் போகவில்லை

நம் ஊரில் நெஞ்சு வலி என்றால் இரண்டே முடிவுதான். ஒன்று மாரடைப்பு, இல்லையென்றால் வாய்வு. ஈசிஜி எடுத்து “ஹார்ட்ல ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டால் மீதி எல்லாம் வாய்வுக் கணக்கில் போய்விடும். எனக்கு வந்தது இரண்டும் இல்லை. வலது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. காரணம் டிபி. சளித் தொல்லை இல்லை, இருமல் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, ரத்தம் துப்பவில்லை. ஆனாலும் டிபி.

திருமங்கலம் பக்கம் எங்கள் வீடு. நான் தையல் வேலை பார்க்கிறேன். ஆர்டர் குவிந்திருந்த நேரத்தில் வலது விலாவில் சுருக்கென்று ஒரு குத்தல் ஆரம்பித்தது. மெஷினில் குனிந்து உட்கார்ந்தால் தெரியாது. மூச்சை ஆழமாக இழுத்தால், தும்மினால், புரண்டு படுத்தால் கத்தியால் கீறியது மாதிரி வலிக்கும். சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும், காலையில் சரியாகிவிடும். “மொச்சக் கொழம்பு சாப்பிட்டேல்ல, அதான்த்தா பிடிச்சிருக்கு” என்று அத்தை ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஈசிஜி எடுத்தார்கள், சரியாக இருந்தது. வாய்வுக்கு மாத்திரையும் ஓர் ஊசியும் போட்டு அனுப்பினார்கள். வலி எப்போது வருகிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருந்தது என்பது எனக்கு இப்போதும் ஆதங்கம்.

அதைக் கேட்டவர் மதுரையில் நாங்கள் அடுத்துப் பார்த்த மருத்துவர். “எங்க வலிக்குதும்மா, கையால காட்டுங்க” என்றார். நான் ஒரு விரலை விலாவில் வைத்தேன். “மூச்சு இழுக்கும்போது கூடுதா? நடந்தா, மாடி ஏறினா கூடுதா? சாப்பிட்ட பிறகு நெஞ்சு எரியுதா? அழுத்தினா வலிக்குதா?” ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏன் கேட்கிறார் என்பதையும் பொறுமையாகச் சொன்னார்.

இதய வலி பெரும்பாலும் நடுநெஞ்சில் பாரம் ஏற்றி வைத்த மாதிரி அழுத்தும். ஒரு விரலால் காட்ட மாட்டார்கள், உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக் காட்டுவார்கள். இடது கை, தாடை, முதுகு என்று பரவலாம், குப்பென்று வியர்க்கும், நடந்தால் கூடி உட்கார்ந்தால் குறையலாம். மூச்சோடு கூடிக் குறையும் குத்தல் வேறு வகை. அது பெரும்பாலும் நுரையீரலின் உறையிலிருந்தோ விலாத் தசையிலிருந்தோ வருவது. விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடம் வீங்கியிருந்தால் விரலால் அழுத்தியதுமே வலிக்கும். புளித்த ஏப்பத்தோடு படுத்ததும் கூடும் எரிச்சல் இரைப்பை அமிலத்தால் வருவது. நுரையீரல் சதைக்கு வலி தெரியாதாம். அதைச் சுற்றி மெல்லிய உறை இரண்டு அடுக்காக இருக்கிறது. வெளி அடுக்கில்தான் வலி நரம்பு. அந்த அடுக்கு அழன்று போனால் ஒவ்வொரு மூச்சும் குத்தும்.

இந்த அடையாளங்களை வைத்து வீட்டிலேயே யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு எப்போதும் இப்படிச் சொல்லி வைத்தாற்போல வராது. வெறும் மூச்சிரைப்பாக, வாந்தியாக, காரணமில்லாத அசதியாகக்கூட வரலாம். ஒரு ஈசிஜி சரியாக இருப்பதும் முழு உத்தரவாதம் இல்லை. சந்தேகம் இருந்தால் சில மணி நேரம் வைத்திருந்து மறுபடி ஈசிஜி எடுப்பார்கள், இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பார்ப்பார்கள். நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் ஓமத்தண்ணீருக்கு அடுப்பைப் பற்ற வைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நுரையீரல் பக்கமும் அவசரங்கள் உண்டு. நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று ஒரு பக்கம் குத்தி மூச்சு வாங்கினால் நுரையீரல் உறைக்குள் காற்று கசிந்திருக்கலாம். ஒல்லியாக உயரமாக இருக்கும் இளைஞர்களுக்கு, அதிலும் புகைப்பவர்களுக்கு, இது வருவதுண்டு. ஆபரேஷனுக்குப் பிறகோ, பல நாள் படுக்கையில் கிடந்த பிறகோ ஒரு கால் வீங்கி, கூடவே மூச்சும் திணறினால் காலில் உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். இவற்றுக்கெல்லாம் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

அப்புறம் அவர் என் முதுகில் விரலை வைத்து மறு கை விரலால் மேலிருந்து கீழாகத் தட்டினார். குடத்தில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று வெளியே தட்டிப் பார்ப்போமே, அதே வேலைதான். இடப்பக்கம் கணகணவென்று கேட்டது. வலப்பக்கம் பாதிக்குக் கீழே மந்தமாகிவிட்டது. ஸ்டெதஸ்கோப்பில் அந்த இடத்தில் மூச்சுச் சத்தமே கேட்கவில்லை என்றார். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாக இருந்தது, மேல் விளிம்பு வளைந்து ஏறியிருந்தது. “நீர் கோத்திருக்கு. எதனாலன்னு பார்க்கணும்” என்று பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பனகல் சாலை பெரியாஸ்பத்திரியை மதுரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ஆதார் நகல், பழைய எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டு போங்கள், காலையிலேயே போங்கள், கூட ஓர் ஆள் இருக்கட்டும். என்னோடு என் வீட்டுக்காரர் வந்தார்.

நெஞ்சக நோய்ப் பிரிவு பெஞ்சில் காத்திருந்த நேரத்தில் நான் தெரிந்துகொண்டது அதிகம். பக்கத்தில் பஞ்சாலையில் காலமெல்லாம் உழைத்த ஒரு பெரியவர் இருந்தார். வார லீவு முடிந்து மில்லுக்குள் நுழைகிற நாளில் நெஞ்சு இறுக்கிப் பிடிக்குமாம், அடுத்தடுத்த நாள்களில் குறையுமாம். “வேலைக்குச் சோம்பல்னு கேலி பண்ணுவாங்கம்மா” என்றார். பஞ்சுத் தூசியால் வரும் நோய்க்கு அதுதான் அடையாளமே. ஆலைகளால் வளர்ந்த ஊரில் ஒரு மனிதர் அதை இத்தனை வருடம் சோம்பல் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தொண்டை அடைத்தது. இன்னொரு அம்மா பீடி, சிகரெட் பக்கம் போகாதவர், ஆனால் விறகடுப்பில் ஊதுகுழலோடு ஆயுசைக் கழித்தவர். புகைப்பவர்களுக்கு வரும் அதே நாள்பட்ட மூச்சடைப்பு நோய் அவருக்கும். மேலூர்ப் பக்கம் கல் அறுக்கும் வேலை செய்தவரிடம் மருத்துவர் முதலில் கேட்டதே “என்ன வேலை, எத்தனை வருஷம்” என்றுதான். கல் தூசி நுரையீரலில் தழும்பாகப் படிந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று ஆஸ்துமாவுக்கு வந்திருந்தது. “இன்ஹேலர் பழகிட்டா விட முடியாதாமே” என்று அதன் அம்மா பயந்தார். இன்ஹேலர் மருந்து நேரே மூச்சுக்குழலுக்குப் போகிறது, அதனால் மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே போதும், பழக்கமெல்லாம் ஆகாது என்று நர்ஸ் அக்கா விளக்கினார். அந்த அம்மாவைப் போல எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.

நீர் எடுப்பதுதான் எனக்குப் பெரிய பயம். நடந்ததை அப்படியே சொல்கிறேன், யாருக்காவது தைரியம் வரட்டும். ஸ்டூலில் உட்கார வைத்து, முன்னால் மேசையில் தலையணை போட்டு அதன் மேல் கைகளை வைத்துக் குனியச் சொன்னார்கள். ஸ்கேன் செய்து முதுகில் இடம் குறித்தார்கள். மரத்துப் போக ஊசி போட்டதுதான் கொஞ்சம் எரிந்தது. அதன் பிறகு ஓர் அழுத்தம் தெரிந்தது, வலி இல்லை. ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டியும் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன, அதனால் அடுத்த எலும்பின் மேல் விளிம்பை ஒட்டித்தான் ஊசியை இறக்குவார்களாம். அசையக் கூடாது, இருமல் வந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வைக்கோல் நிறத்தில் நீர் பாட்டிலில் இறங்கியது, முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூட இருந்தது. ஒரே தடவையில் ஒன்று, ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுக்க மாட்டார்கள், நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதுவே ஆபத்து. கடைசியில் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது, நெஞ்சு இறுகியது. அமுங்கியிருந்த நுரையீரல் விரிகிறது என்று சொல்லி அதோடு நிறுத்தினார்கள். உள்ளே காற்று புகவில்லையே என்று உறுதிசெய்ய மறுபடி எக்ஸ்ரே.

நீர் கோத்தாலே டிபி என்று இல்லை. இதயம் பலவீனமானாலும், சிறுநீரகம் கெட்டாலும் நீர் சேரும், அப்போது பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும். நிமோனியாவுக்கு அடுத்து வரலாம், புற்றுநோயிலும் வரலாம். அதனால்தான் எடுத்த நீரில் புரதம், சர்க்கரை, செல்கள் எல்லாம் பார்க்கிறார்கள். என் நீரில் லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் அதிகம், ஏடிஏ என்ற நொதியும் வழக்கமாகக் கொள்ளும் 40 என்ற எல்லையைத் தாண்டி ஏறியிருந்தது. கிருமி மட்டும் அகப்படவில்லை. “கிருமியே இல்லன்னா டிபின்னு எப்படிச் சொல்றீங்க” என்று வீட்டுக்காரர் கேட்டார். இந்த வகை டிபியில் நீருக்குள் கிருமி மிகக் குறைவாக இருக்கும், அந்தக் கொஞ்சத்துக்கு உடம்பு காட்டும் எதிர்ப்புதான் இத்தனை நீர், அதனால் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனையில்கூட அகப்படாமல் போவது சகஜம் என்றார் மருத்துவர். சளியையும் சோதித்தார்கள், அதிலும் இல்லை. சர்க்கரைக்கும் ஹெச்ஐவிக்கும் ரத்தம் எடுத்தார்கள். அதைக் கேட்டு யாரும் பதற வேண்டாம், டிபி என்று தெரிந்த எல்லோருக்கும் எடுப்பதுதான்.

டிபி நோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் இணையதளத்தில் பதிந்து எனக்கு ஓர் எண் கொடுத்தார்கள். உயரம், எடை, ஆக்சிஜன் அளவு பார்த்தார்கள், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணினார்கள், கால் வீக்கம் இருக்கிறதா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்றும் பார்த்தார்கள். யாரைப் படுக்கையில் சேர்க்க வேண்டும் என்று முதல் நாளே பிரிக்க 2022 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் ஏற்பாடு இது. என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். தோப்பூர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்க வேண்டுமோ என்று அத்தை பயந்துகொண்டே இருந்தார். அவர் தலைமுறையில் டிபி என்றால் அதுதான் நினைவு. வீட்டிலிருந்து மாத்திரை சாப்பிட்டாலே சானடோரியம் என்ற டிபி ஆஸ்பத்திரியில் தங்குவதற்குச் சமமாகக் குணமாகும் என்று 1950-களின் கடைசியிலேயே உலகத்துக்கு நிரூபித்த ஆய்வு நம் சென்னையில் நடந்தது. தோப்பூரில் இன்றும் நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது, தேவைப்படுபவர்களுக்கு அது பெரிய துணை. ஆனால் எல்லோருக்கும் படுக்கை தேவையில்லை.

மாத்திரை இலவசம், எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து, எல்லாம் ஒரே மாத்திரைக்குள் கலந்தது. 35 முதல் 49 கிலோ வரை எடையுள்ளவர்களுக்குத் தினம் மூன்று மாத்திரை. ரிஃபாம்பிசின் என்ற மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், முன்கூட்டியே தெரியாவிட்டால் ரத்தம் என்று பயந்துவிடுவோம். அதே மருந்து கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும் என்பதையும் பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், மருத்துவரிடம் வேறு வழி கேட்க வேண்டும். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ உடனே போய்க் காட்ட வேண்டும். கை கால் மரத்துப் போகாமல் இருக்க வைட்டமின் பி6 மாத்திரை கொடுத்தார்கள். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவி 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். அது வங்கிக் கணக்கில் வரும், பாஸ்புக் நகல் கொடுக்க வேண்டும். முட்டையும் நிலக்கடலையும் அதில்தான் வாங்கினோம்.

சில வாரங்களில் காய்ச்சல் போனது, பசி வந்தது. இங்கேதான் பலர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். பாதியில் விட்டால் நோய் திரும்பும், மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறலாம். பெரியவள் காலண்டரில் தினமும் ஒரு டிக் போட்டாள். அந்தப் பிள்ளை என்னைவிடக் கண்டிப்பு.

ஊர் வாயும் இருந்தது. “வெளிய சொல்லாதீங்க, நாளைக்குப் பொண்ணு கட்டிக் குடுக்கணும்ல” என்று ஒரு உறவுக்காரர் அறிவுரை சொன்னார். நான் மறைக்கவில்லை. உறையில் மட்டும் இருக்கும் டிபி சாதாரணமாக அடுத்தவருக்குத் தொற்றாது, என் சளியும் சுத்தமாக இருந்தது. தனித் தட்டு, தனி டம்ளர் எதுவும் தேவைப்படவில்லை. நுரையீரல் டிபி உள்ளவர்களிடமிருந்தும் அது பரவுவது காற்றில்தான், தட்டில் இல்லை. யாரிடமிருந்தாவது எனக்கு வந்திருக்கும் அல்லவா? அதனால் வீட்டில் எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். அத்தை முதலில் முரண்டு பிடித்தார், அப்புறம் அவரே பக்கத்து வீட்டுக்காரரையும் இருமலுக்குச் சளி கொடுக்க அழைத்துப் போனார்.

சிகிச்சை முடிந்து எடுத்த எக்ஸ்ரேயில் நீர் இல்லை. விலா ஓரத்தில் உறை கொஞ்சம் தடித்திருக்கிறது. குளிர் நாளில், இல்லையென்றால் நெடுநேரம் தைத்தால், அங்கே லேசாக இழுக்கும். அது தழும்பின் இழுப்பு, நோய் இல்லை என்று காட்டிக் கேட்டுக்கொண்டேன். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைக் காலையிலும் மாலையிலும் இழுக்கிறேன். சிகிச்சை முடிந்து 6, 12, 18, 24-ஆம் மாதங்களில் வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். தேதிகளை நிக்ஷய் அட்டையின் பின்பக்கம் எழுதி, எக்ஸ்ரே கவரிலேயே வைத்திருக்கிறேன்.