‘கொல்லம் 1112’ ஏன் இரண்டு தடவை தெரிந்தது

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை பக்கத்தில் எங்கள் வீடு. தாத்தா காலத்து நிலப் பத்திரங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன, பாதிக்கு மேல் மலையாளத்தில். 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை இந்தப் பக்கமெல்லாம் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான் (மலையாள ஆண்டுக்கணக்கு) போட்டிருக்கும். 1112 என்றால் 1936 ஆவணியில் தொடங்கி அடுத்த ஆவணிக்கு முன்னால் முடிகிற வருஷம். பெட்டியில் ராமபாணம் அரிக்க ஆரம்பித்துவிட்டது என்று அம்மா சொன்ன பிறகு, தங்கச்சி லீவுக்கு வந்தபோது எல்லாவற்றையும் தன் பழைய மேக்புக்கில் ஸ்கேன் செய்தாள். நான் அதை மாடியிலிருக்கும் என் உபுண்டு கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்தேன். அப்பா கீழே தன் விண்டோஸ் லேப்டாப்பில் திறந்து படிக்க வேண்டும், எனக்கும் தங்கச்சிக்கும் மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும், பழைய கையெழுத்தைப் படிக்க வீட்டில் அவர் ஒருவர்தான் இருக்கிறார்.

“இதுல ஒண்ணும் காணல்லியே மக்களே” என்று கீழேயிருந்து அப்பா கூப்பிட்ட அன்று தொடங்கிய வேலை, அதாவது வீட்டு நெட்வொர்க் வழியாக என் ஃபோல்டரை அவர் லேப்டாப்பில் திறக்கவைக்கும் வேலை, மூன்று சாயங்காலம் இழுத்தது. இதே நிலையில் வேறு யாராவது இருந்தால் உதவட்டும் என்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. விண்டோஸில் ‘நெட்வொர்க்’ என்று ஒரு ஜன்னல் திறக்குமே, அதில் மற்ற கம்ப்யூட்டர் தெரிகிறதா இல்லையா என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அங்கே தெரியாத கம்ப்யூட்டர் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கலாம். ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் உள்ள முகவரி எண்) நேராக அடித்துப் பார்ப்பதுதான் சோதனை. எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு \\192.168.1.20 என்பதுபோல. மேக்கில் ஃபைண்டரைத் திறந்து கமாண்டும் கே-யும் சேர்த்து அழுத்தினால் அதே மாதிரி முகவரி கேட்கும்.

அப்படி அடித்துப் பார்த்ததில் எங்கள் வீட்டில் வெளிப்பட்ட முதல் சிக்கலுக்கும் விண்டோஸ், லினக்ஸ் எதற்கும் சம்பந்தமே இல்லை. என் கம்ப்யூட்டரின் ஐபி 192.168.0.105. அப்பாவுடையது 192.168.1.4. மூன்றாவது எண்ணைப் பாருங்கள், ஒன்றில் 0, மற்றதில் 1. மாடியில் சிக்னல் எட்டவில்லை என்று போன வருஷம் இரண்டாவது ரவுட்டர் ஒன்று வாங்கி, கீழேயிருந்து வயர் இழுத்து அதன் வான் போர்ட்டில் (வெளி இணைப்பு வரும் துளை) சொருகியிருந்தோம், அது தனக்குக் கீழே தனியாக ஒரு நெட்வொர்க்கை உண்டாக்கிக்கொண்டு நடத்திக்கொண்டிருந்தது. இதை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது: மாடியிலிருந்து கீழே உள்ள ரவுட்டரின் பக்கம் திறக்கும், கீழேயிருந்து மாடிக் கம்ப்யூட்டருக்கு பிங் (‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை) அடித்தால் பதிலே வராது. இப்படி ஒருபக்கம் மட்டும் வழி இருந்தால் அநேகமாக இதுதான் காரணம். எங்கள் ஊரில் வீடுகள் நீளமாகவும் மாடி வைத்தும் இருக்கிறபடியால் இப்போது பல வீடுகளில் இரண்டு ரவுட்டர் பார்க்கிறேன், அதனால் இதை முதலில் சொல்கிறேன்.

சரிசெய்வது எளிது. இரண்டாவது ரவுட்டரில் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ என்று, தனி நெட்வொர்க் நடத்தாமல் சிக்னலை மட்டும் நீட்டும் ஒரு முறை இருந்தால் அதற்கு மாற்றினால் போதும். எங்களுடையதில் அது இல்லை, அதனால் டிஎச்சிபி-யை (கம்ப்யூட்டர்களுக்கு ஐபி கொடுக்கும் வசதி) அணைத்து, அதன் ஐபியை 192.168.1.2 என்று மாற்றி, வயரை வான் போர்ட்டிலிருந்து கழற்றி லான் போர்ட் (வீட்டுக்குள் உள்ள இணைப்புக்கான துளை) ஒன்றில் போட்டேன். இப்போது ஐபி கொடுப்பது கீழே இருக்கும் ரவுட்டர் மட்டும். அதில் என் கம்ப்யூட்டருக்கு எப்போதும் 192.168.1.20 என்றே கொடுக்கும்படி ஒதுக்கியும் வைத்தேன். இந்த மாவட்டத்துக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. ஒவ்வொரு இடிக்கும் கரண்ட் போய் ரவுட்டர் மறுபடி எழும்போது ஐபி மாறிவிட்டால் நேற்றுவரை வேலை செய்தது இன்று நின்றுபோகும், எதனால் என்றே பிடிபடாது.

பிங் வந்துவிட்டது. ஃபோல்டர் திறக்கவில்லை.

பிங் வந்தால் வழி இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் பொதுவாகப் பேசும் முறைக்குப் பெயர் எஸ்எம்பி, அது 445 என்ற போர்ட்டில் (இது வயர் சொருகும் துளை இல்லை, கம்ப்யூட்டருக்குள் நுழையும் வாசலின் எண்) நடக்கிறது. லினக்ஸில் அதைப் பேசுகிற மென்பொருள் சாம்பா, 1992-இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுதத் தொடங்கியது. எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதியில் தேடித்தான் அந்தப் பெயரை வைத்தார். அப்பாவின் லேப்டாப்பில் பவர்ஷெல் என்ற கட்டளை ஜன்னலைத் திறந்து ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ கட்டளையில் என் ஐபியையும் போர்ட் 445-ஐயும் கொடுத்தேன், தோல்வி என்று வந்தது. என் உபுண்டுவில் ஃபயர்வாலை (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல்) நானே எப்போதோ இயக்கி வைத்திருந்தேன். 192.168.1 என்று தொடங்கும் வீட்டு முகவரிகளுக்கு மட்டும் 445-ஐத் திறந்தேன், வழி கிடைத்தது. ரவுட்டரில் இதே 445-ஐ வெளி இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடாதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இணையத்தில் தேடினால் நிறைய வீடியோக்கள் “விண்டோஸ் ஃபீச்சர்ஸில் போய் எஸ்எம்பி1-ஐ டிக் செய்யுங்கள், எல்லாம் வந்துவிடும்” என்கின்றன. செய்தால் சில சமயம் வந்தும்விடும். ஆனால் எஸ்எம்பி1 என்பது 1980-களின் சரக்கு. 2017 மே மாதம் உலகம் முழுக்க மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கிய வான்னாக்ரை என்ற நாச நிரல் அந்த எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் பரவியது. அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தும் போடாதவர்கள் மாட்டினார்கள். சாம்பா 2019-இல் 4.11 பதிப்பிலிருந்து அதை இயல்பாகவே அணைத்து வைக்கிறது. தாத்தாவின் பத்திரங்களை வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் அந்தக் கதவைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை, நீங்களும் திறக்காதீர்கள். நெட்வொர்க் ஜன்னலில் பெயர் தெரிய வேண்டும் என்பதுதான் தேவை என்றால் லினக்ஸில் ‘டபிள்யூஎஸ்டிடி’ என்ற சிறிய நிரலை நிறுவுங்கள், இப்போதைய விண்டோஸ் தேடும் முறையில் அது கம்ப்யூட்டரின் பெயரை அறிவிக்கும். மேக்கில் பெயர் தெரிய, லினக்ஸில் அவாஹி என்ற அறிவிப்பு நிரல் ஓடிக்கொண்டிருந்தால் போதும்.

அப்புறம் பாஸ்வேர்டு. உபுண்டுவில் உள்ளே நுழையும் பாஸ்வேர்டு வேறு, சாம்பா பாஸ்வேர்டு வேறு, இது பலருக்குத் தெரிவதில்லை. அப்பாவுக்கென்று லினக்ஸில் ஒரு பயனரை உண்டாக்கி, ‘எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி’ கட்டளையை ‘-ஏ’ சேர்த்துக் கொடுத்து அவருக்குத் தனி பாஸ்வேர்டு வைத்தேன். பாஸ்வேர்டே இல்லாமல் கெஸ்டாகத் திறந்து வைத்தால் அப்பாவுக்குச் சுலபமாக இருக்குமே என்று முதலில் நினைத்தேன், ஆனால் விண்டோஸ் 11 ப்ரோவில் 24எச்2 பதிப்பிலிருந்து கெஸ்ட் இணைப்பை ஏற்பதில்லை, கையொப்பமிட்ட (தகவல் நடுவில் மாறவில்லை என்று உறுதிசெய்யும் முத்திரையுள்ள) இணைப்புதான் வேண்டும் என்கிறது, கெஸ்டுக்குக் கையொப்பம் இடவே முடியாது. அந்தப் பாதுகாப்பைப் பாலிசியில் போய் அணைப்பதைவிட ஒரு பாஸ்வேர்டு வைப்பது நல்லது, ஒருமுறை அடித்து ‘நினைவில் வை’ என்று டிக் செய்தால் அதோடு சரி.

ஆனால் அந்த டிக்கே மறுநாள் எனக்கு இரண்டு மணி நேர வேலை வைத்தது. முதல் நாள் தவறாக அடித்த ஒரு பயனர்பெயரை விண்டோஸ் பத்திரமாக வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே அனுப்பிக்கொண்டிருந்தது. கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது, அதில் அந்த ஐபிக்கு உள்ள பதிவை அழித்துவிட்டு லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் ஒழுங்காகக் கேட்டது. எதிர்த்திசையில், அதாவது விண்டோஸ் ஃபோல்டரை லினக்ஸிலிருந்தோ மேக்கிலிருந்தோ திறக்கப் பார்க்கிறவர்களுக்கு: நான்கு இலக்க பின் நம்பரை அடித்தால் திறக்காது, அந்தக் கணக்கின் முழு பாஸ்வேர்டு வேண்டும். ஷேருக்கென்றே, அதாவது பகிரும் ஃபோல்டருக்கென்றே, விண்டோஸில் ஒரு லோக்கல் கணக்கு உண்டாக்குவது எனக்குத் தெரிந்து குழப்பம் குறைந்த வழி. கூடவே வீட்டு வைஃபை ‘பப்ளிக்’ என்று இருந்தால் ‘பிரைவேட்’ ஆக்குங்கள்.

உள்ளே போய்விட்டார் அப்பா. ஃபோல்டரைத் தொட்டால் அனுமதி இல்லை என்று வந்தது. காரணம், பத்திரங்கள் இருந்தது வெளியே சொருகிய ஹார்ட் டிஸ்க்கில். உபுண்டு அதைத் தானாக ஏற்றும்போது சொருகியவருக்கு மட்டும்தான் வழி விடும். சாம்பா அனுமதித்தாலும் லினக்ஸ் அனுமதிக்க வேண்டும், இரண்டு சம்மதமும் தேவை. டிஸ்க்கை நிலையான ஓரிடத்தில் ஏறும்படி எழுதிவைத்து, வீட்டார் எல்லோரையும் ஒரே குழுவில் சேர்த்து, ஃபோல்டரை அந்தக் குழுவுக்குக் கொடுத்ததும் திறந்தது.

இனிதான் நான் எங்கேயும் படித்திராத பகுதி. தமிழில் ஃபோல்டர் பெயர் வைக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பா திறந்து பார்த்ததும் கேட்டார், “மக்களே, கொல்லம் 1112 எதுக்கு ரெண்டு கெடக்கு?” உண்மையிலேயே இரண்டு ஃபோல்டர், ஒரே பெயர், எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோல. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு இருக்க முடியாது என்றல்லவா கம்ப்யூட்டர் சொல்லும். ‘தோவாளை’யும் இரண்டு, ‘நாகர்கோவில்’ இரண்டு. ஆனால் ‘தக்கலை’, ‘குளச்சல்’, ‘திருவட்டார்’ எல்லாம் ஒவ்வொன்றுதான். பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று தெரிந்தது: இரட்டித்த பெயர்களிலெல்லாம் கொ, தோ, கோ என்று கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து ஒன்று இருந்தது.

யூனிகோடில் (கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறை) ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ‘ொ’ என்ற ஒரே குறி, அல்லது க-வுக்குப் பின் கொம்பு தனியாக, கால் தனியாக. திரையில் இரண்டும் ஒன்றே. தங்கச்சியின் மேக்புக்கில் இருப்பது 2017-க்கு முந்தைய எச்எஃப்எஸ் ப்ளஸ் ஃபைல் முறை, அது எல்லாப் பெயரையும் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். லினக்ஸுக்குத் தமிழ் எழுத்து என்று ஒன்றும் தெரியாது, வந்த பைட்டுகளை அப்படியே வைத்துக்கொள்ளும். நான் கீபோர்டில் அடித்து உண்டாக்கிய ‘கொல்லம் 1112’ ஒன்றாகவும், மேக்கிலிருந்து ஆர்சிங்க் (ஃபைல்களை நகலெடுக்கும் நிரல்) வழியாக வந்த ‘கொல்லம் 1112’ வேறொன்றாகவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. மலையாளத்திலும் இந்த எழுத்துகளுக்கு இதே கதைதான்.

இதற்குக் ‘கான்வ்எம்வி’ என்ற கருவி இருக்கிறது. அதில் ‘--என்எஃப்சி’ என்று கொடுத்தால் பிரிந்த பெயர்களைச் சேர்ந்த வடிவுக்கு மாற்றும். முதலில் என்ன மாற்றப்போகிறது என்று காட்ட மட்டும் செய்யும், ‘--நோடெஸ்ட்’ சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும், அதனால் பயப்படாமல் ஓட்டிப் பார்க்கலாம். ஏற்கெனவே இரண்டு இருந்த இடங்களில் ஃபைல்களைக் கையால் ஒன்றுசேர்த்தேன். இனி மேக்கிலிருந்து வரும்போதே மாற்றிக்கொள்ள, லினக்ஸ் பக்கமிருந்து ஆர்சிங்க்கை ஓட்டி ‘--ஐகான்வ்’ என்பதில் இந்தப் பக்கம் ‘யூடிஎஃப்-8’, மேக் பக்கம் ‘யூடிஎஃப்-8-மேக்’ என்று கொடுக்க நினைக்கிறேன். மேக்கின் ஆர்சிங்க்கில் அந்தப் பெயருக்கு ஆதரவு இருக்க வேண்டும், அதைத் தங்கச்சி அடுத்த முறை வரும்போது பார்ப்போம்.

பெயரின் நீளமும் ஒரு தொல்லை. லினக்ஸில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட் வரைதான். ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 85 குறிகள். அதிலும் ‘கி’ என்றால் க ஒன்று, கொக்கி ஒன்று என இரண்டு குறி, ‘க்’ என்றாலும் இரண்டு, ஆகவே நாம் எண்ணும் எழுத்துக் கணக்கில் ஐம்பது அறுபதைத் தாண்டுவது சிரமம். விண்டோஸில் 255 குறிகள் வரை போகலாம். அப்பா பத்திரத்துக்குப் பெயர் வைத்தால் வாங்கியவர், விற்றவர், நான்கு எல்லை எல்லாம் அதிலேயே இருக்கும். அவர் லேப்டாப்பில் இருக்கும், என் டிஸ்க்குக்கு வர மறுக்கும். பெயரைச் சுருக்கி, விவரத்தைப் பக்கத்தில் ஒரு குறிப்பு ஃபைலில் எழுதலாம் என்று பேசி முடித்தோம். ‘சர்வே எண்:’ என்று முக்காற்புள்ளி வைத்து நான் சேமித்தவையும் விண்டோஸில் புரியாத ஒரு குறும்பெயரோடு தெரிந்தன, அந்தப் புள்ளிகளையும் எடுத்துவிட்டேன்.

கடைசியாக அப்பாவின் லேப்டாப்பில் அந்த ஷேரை இசட் டிரைவ் என்று பொருத்திக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல மழை, இரண்டு தடவை கரண்ட் போய் வந்தது. ரவுட்டர் எழுந்து, மாடியில் என் கம்ப்யூட்டர் எழுந்து, கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து அப்பா அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டும் சத்தம் கேட்டது, 1112-ஆம் வருஷத்துப் பத்திரத்தில் கிழக்கு எல்லையாகச் சொல்லியிருந்த புளியமரம் அவர் சின்ன வயதில் ஏறிய அதே மரம்தானா என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.