சிறையிலிருந்து வந்த கேள்வி

சந்தேகம் என்ற பேச்சு எடுத்தாலே நம் சபைகளில் உடனே, இயேசு உயிர்த்தெழுந்ததைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்ற சீஷன் தோமாவை இழுத்துவிடுவார்கள். பாவம், அவரை விட்டுவிடலாம். வேதத்தில் சந்தேகப்பட்டவர்களில் எனக்கு நெருக்கமானவர் யோவான் ஸ்நானகன். அவரைப் பற்றி அதிகம் பிரசங்கம் கேட்டதில்லை, அதாவது மத்தேயு 11-ல் வருகிற யோவானைப் பற்றி. வனாந்தரத்தில் முழங்குகிற யோவானைத்தான் எல்லோருக்கும் பிடிக்கும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தாயின் வயிற்றிலேயே துள்ளியவர், யோர்தானில் இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், ஆவியானவர் புறாவைப்போல இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர், "இதோ, தேவ ஆட்டுக்குட்டி" என்று ஊருக்கே சுட்டிக்காட்டியவர். இவருக்கு மேல் யாருக்கு ஆதாரம் கிடைத்திருக்கிறது? அப்படிப்பட்டவர், நாட்டை ஆண்ட ஏரோதுவின் சிறையில் இருந்துகொண்டு, வாக்களிக்கப்பட்ட மேசியா இயேசுதானா என்று தன் சீஷர்கள் இருவரை அனுப்பிக் கேட்கிறார்: "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?" சாக்கடலுக்குக் கிழக்கே இன்றைய ஜோர்தான் நாட்டில் இருக்கிற மக்கேருஸ் கோட்டையில்தான் அவரை வைத்திருந்தார்கள் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார்.

ஏன் இந்தக் கேள்வி வந்தது? கோடாரி மரங்களின் வேரருகே வைக்கப்பட்டிருக்கிறது, பதர் அவியாத அக்கினியில் சுட்டெரிக்கப்படும் என்று யோவான் பிரசங்கித்திருந்தார். ஆனால் வந்தவரோ வரி வசூலிக்கிற ஆயக்காரர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், ஏரோது அரண்மனையில் சுகமாக இருக்கிறான், நியாயத்தைப் பேசினவர் உள்ளே கிடக்கிறார். கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பது அவருடைய பிரச்சினையே இல்லை. இவர் நான் எதிர்பார்த்த மாதிரி நடந்துகொள்ளவில்லையே என்பதுதான் பிரச்சினை. நம்மில் நிறையப் பேருடைய சந்தேகமும் இந்த ரகம்தான் என்று நினைக்கிறேன்.

இயேசுவின் பதிலைக் கவனியுங்கள். குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், குஷ்டரோகிகள் சுத்தமாகிறார்கள், செவிடர் கேட்கிறார்கள், மரித்தோர் எழுந்திருக்கிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம் பிரசங்கிக்கப்படுகிறது. ஏசாயா தீர்க்கதரிசி சொன்னவற்றையே எடுத்துச் சொல்கிறார், யோவானுக்குப் புரியாமல் இருந்திருக்காது. ஆனால் ஏசாயா 61-ல் இன்னொன்றும் இருக்கிறது, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை. நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசுவே அதை வாசித்தார். யோவானுக்கு அனுப்பிய பதிலில் மட்டும் அது இல்லை. சிறையில் இருக்கிறவருக்கு அனுப்புகிற பதிலில் சிறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! வேண்டுமென்றே விட்டாரா என்று சுவிசேஷம் சொல்லவில்லை. ஆனாலும் அந்த இடத்தை என்னால் சும்மா கடந்துபோக முடிவதில்லை.

என் அண்ணன் நோயில் படுத்திருந்தபோது சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. அந்த வருடப் பிறப்பன்று ஆராதனையில் அந்த வருடத்துக்கான தேவனுடைய வாக்கு என்று எங்கள் வீட்டுக்கு வந்த வாக்குத்தத்த அட்டையும் சுகத்தைப் பற்றிய வசனம்தான், அம்மா அதை சாமான்கள் வைக்கிற அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தார்கள். அண்ணன் பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்த வாரமே ஒருவர் வீட்டுக்கு வந்து, "தம்பி, எங்கேயோ விசுவாசக் குறைவு இருந்திருக்கு" என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு எனக்கு ஜெபிக்க வாய் வரவில்லை, பாட்டு மட்டும் பாடிவிட்டு வருவேன், அதுவும் பழக்கத்தால்.

இப்படிப்பட்ட நேரத்தில் தவறாமல் ஒருவர் யாக்கோபு 1:6-ஐத் தூக்கிப் போடுவார், சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான் என்று. சரி, வசனம் உண்மைதான். ஆனால் அதற்கு முந்தின வசனத்தை ஏன் வாசிப்பதில்லை? ஒருவரையும் கடிந்துகொள்ளாத தேவனிடத்தில் கேளுங்கள் என்றல்லவா அங்கே இருக்கிறது. யோவானையும் இயேசு கடிந்துகொள்ளவில்லை. என்னிடத்தில் இடறலடையாதிருக்கிறவன் பாக்கியவான் என்று மென்மையாக ஒரு எச்சரிப்பு, அவ்வளவுதான். அந்தச் சீஷர்கள் போன பிறகு கூட்டத்தைப் பார்த்து, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் எழும்பினதில்லை என்கிறார். கேள்வி வந்த அதே நாளில், கேட்டவரைப் பற்றி!

யோவான் தன் கேள்வியை வேறு யாரிடமும் கொண்டுபோகவில்லை, யாரைப் பற்றிச் சந்தேகமோ அவரிடமே அனுப்பினார். எனக்கு வழி திறந்தது இங்கேதான். நல்ல வார்த்தைகளைத் தேடுவதை நிறுத்திவிட்டு, "ஏன் ஆண்டவரே, வாக்குக் கொடுத்துவிட்டு ஏன்?" என்று கோபமாகவே பேச ஆரம்பித்தேன். 88-ம் சங்கீதத்தை அப்போதுதான் ஒழுங்காக வாசித்தேன், கடைசி வரை ஒரு ஸ்தோத்திரம்கூட வராத சங்கீதம், அதையும் எடுக்காமல் வேதத்தில் வைத்திருக்கிறார்களே என்று ஆச்சரியமாக இருந்தது. சமாதானம் ஒரே இரவில் வந்துவிடவில்லை. பேச்சு மட்டும் திரும்ப வந்தது.

அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-ல் வெளிவந்தபோது பலர் அதிர்ந்துபோனார்கள், ஏறத்தாழ 50 வருடம் தேவன் தூரமாக இருப்பதுபோலவே அவர் உணர்ந்திருக்கிறார் என்று. (அவர் கத்தோலிக்கர் என்பதால் எங்கள் பக்கத்தில் சிலர் உதாரணமாக ஏற்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.) அத்தனை வருடமும் காலையில் எழுந்து ஜெபித்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். உணர்வு வரட்டும், அப்புறம் கீழ்ப்படியலாம் என்று உட்கார்ந்திருக்கவில்லை.

சந்தேகத்தில் இருக்கிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிவது கொஞ்சம்தான். கேள்வியை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், நாற்பது வசனம் வந்து விழும், ஒன்றும் உள்ளே போகாது. பதறாமல் கேட்கிற ஒருவரைத் தேடுங்கள், அவர் போதகராக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. ஜெபிக்க முடியாவிட்டால் மாற்கு 9-ல் மகனுக்குச் சுகம் கேட்டு இயேசுவிடம் வந்த தகப்பன் அழுதுகொண்டே சொன்னது போதும்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்."

போதகர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. சாட்சி நேரத்தில் வேலை கிடைத்தவர், சுகம் பெற்றவர், கடன் தீர்ந்தவர் எல்லோரும் வரட்டும், சந்தோஷம்தான். இன்னும் பதில் வராதவர்களையும் ஒருநாள் மைக் பிடிக்க விடுங்கள். பேசி முடித்ததும் அவசரப்பட்டு அதற்கு விளக்கம் சொல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.