முக்கால் ஜிபி வில்லங்கம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கடை வைத்திருக்கும் எனக்கு இணையம் நின்றால் கல்லாப்பெட்டியும் நின்றுவிடும். பட்டா, வில்லங்கச் சான்று, தேர்வு விண்ணப்பம் எல்லாம் அந்த ஒரு கேபிள் வழியாகத்தான் வர வேண்டும். போன செவ்வாய்க்கிழமை பழைய கம்ப்யூட்டரில் இருந்த 2 ஜிபி ரேமுக்குத் துணையாக இன்னொரு 2 ஜிபி போட்டோம். விண்டோஸ் 7 சுறுசுறுப்பாக எழுந்தது, இணையம் படுத்துவிட்டது.

நெட்வொர்க் கார்டின் பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது. கேட்ட இடத்தில் முகவரி கிடைக்காவிட்டால் விண்டோஸ் தானே சூட்டிக்கொள்ளும் எண் அது. அனுப்பிய பாக்கெட்டுகள் ஏறிக்கொண்டே போக, வந்தவை பூஜ்யத்தில் நின்றன.

மதர்போர்டிலேயே இருந்த இணைப்பு, 2011 இறுதியில் தானே புயல் அடித்த பிறகு மின்சாரம் வந்து வந்து போனதில் செத்துவிட்டது. அன்று தனியாக வாங்கிச் செருகியதுதான் இந்தக் கார்டு. ரேமை அழுத்தும்போது கை பட்டு அசைந்திருக்கும் என்று கழற்றினேன். கடலூர் உப்புக் காற்றில் ஸ்டேப்ளர்கூடத் துருப்பிடிக்கும், கார்டு எம்மாத்திரம்? அதன் மஞ்சள் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தேன். ரப்பரில் கறுப்பாக இழுவியதைப் பார்த்து, நோயைக் கண்டுபிடித்துவிட்ட மருத்துவர்போல் மகிழ்ந்தேன். மறுபடி செருகினால் அதே 169.254.

"புது ரேம் சரியில்லை, அக்கா" என்றான் ரேம் கொண்டுவந்த தம்பி. பழையதைக் கழற்றிப் புதியதை மட்டும் வைத்தோம்: இணையம் வந்தது. புதியதை எடுத்துப் பழையதை வைத்தோம்: அப்போதும் வந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தால் போய்விடுகிறது. தனித்தனியே நல்லவர்கள், சேர்ந்தால் ஆகாது. எங்கள் குடும்பத்திலும் அப்படி இருவர் உண்டு.

சிக்கல் மொத்த அளவில் இருந்தது. ரேமில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு; அதற்கும் முகவரி என்றுதான் பெயர், ஐபி முகவரி வேறு. 4 ஜிபிக்கு உட்பட்ட இந்த முகவரிகளில் ஒரு பகுதியைக் கிராபிக்ஸ் முதலான சாதனங்கள் பிடித்துக்கொள்கின்றன. அங்கே இடமில்லாத ரேமை, 4 ஜிபி எல்லைக்கு மேலே முகவரி கொடுத்து, விண்டோஸுக்கு முன்பே எழும் பயாஸ் என்ற மென்பொருள் குடியேற்றுகிறது. என் கார்டோ, வந்த தகவலை நேராக ரேமில் எழுதும் 32 பிட் கார்டு. அதற்குத் தெரிந்த முகவரிகள் 4,294,967,296 மட்டுமே. விண்ணப்பத்தில் பெயருக்கு இருபது கட்டம் விட்டிருக்க, இருபத்தோரு எழுத்துப் பெயரோடு ஒருவர் வந்தால் நான் படும் பாடுதான் அதன் பாடும். "இந்தக் கார்டுக்கு எல்லைக்குக் கீழேயே இடம் கொடு" என்று விண்டோஸிடம் சொல்ல வேண்டியது, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் வேலை. இந்த டிரைவர் வாயைத் திறக்கவில்லை.

பயாஸில் இந்தக் குடியேற்றத்தைச் செய்யும் மெமரி ரீமேப் என்ற வரியைத் தேடி அணைத்தேன். ஐபி முகவரி உடனே கிடைத்தது. ஆனால் 4 ஜிபியில் பயன்படுவது 3.25 மட்டும் என்று விண்டோஸ் காட்டியது. மீதி முக்கால் ஜிபிக்கு உரிய காசைத் திருப்பிக் கொடு என்றேன். தம்பி சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

சனிக்கிழமை வேறு கார்டு வாங்கிப் போட்டு, ரீமேப்பைத் திரும்பவும் இயக்கினேன். இப்போது முழு 4 ஜிபியும் இருக்கிறது, இணையமும் இருக்கிறது. பழைய கார்டு நெல்லிக்குப்பத்தில் என் மைத்துனர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ரேம் 1 ஜிபி.