வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை ஆளுங்க கொஞ்சம் கவனிங்க

வாரம் ஃபுல்லா மழையாம், நடுவுல ஆரஞ்சு அலர்ட் வேற, அதாவது ஒரே நாள்ல 12ல இருந்து 20 செ.மீ வரைக்கும் கொட்டலாம். காசிமேட்டுல போட் எல்லாம் நெருக்கி கட்டியாச்சு, வலை மேல தார்ப்பாய் போட்டு கல்லு வச்சிருக்காங்க. எனக்கு காத்து கூட பயமில்ல, தண்ணிதான். ஓட்டேரி நல்லா கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய் ரெண்டும் பக்கிங்காம் கால்வாய்லதான் சேருது, கடல் ஏறி நிக்கிற நேரம் மழையும் புடிச்சா அது வடியாது, அப்புறம் நம்ம வீட்டுக்குள்ள வராம எங்க போகும்? 2023 மிக்ஜாம் புயல்ல எண்ணூர் பக்கம் தண்ணி எண்ணெயோட வந்துச்சே, அத மறக்க முடியுமா. கீழ் வீட்டுக்காரங்க ரேஷன் கார்டு, ஆதார், பசங்க புக்கு எல்லாத்தையும் கவர்ல சுத்தி பரண்ல ஏத்திடுங்க. தண்ணி ஏறுனா சென்னை மாநகராட்சி நம்பர் 1913க்கு போன் போடுங்க. எங்க தெரு ஆளுங்க யாரா இருந்தாலும், நைட் எத்தன மணி ஆனாலும் மாடிக்கு வந்துடுங்க, கதவு பூட்ட மாட்டோம்.