மிஸிஸ் டேலும் கீழ்வீட்டு றேடியோவும்

மலர்க்குழுத் தம்பி போன் எடுத்து, அண்ணை இந்த வருசம் இங்கிலிஷ் மாஸ்ரரின்ரை நூறாவது ஆண்டு, நீங்கள்தானே அவரிட்டை நல்லா வாங்கிக் கட்டினீங்கள், ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ எண்டார். வாங்கிக் கட்டினது உண்மை. அவரின்ரை பட்டப்பேர் மிஸிஸ் டேல், என்ரை பட்டப்பேர் ஜிம். என்னோடை படிச்ச ஆக்கள் இப்பவே சிரிக்கத் தொடங்கியிருப்பீங்கள்.

மாஸ்ரர் 1953இலை லண்டனுக்குப் போய் ரெண்டரை வருசம் படிச்சுப்போட்டு வந்தவர். டவர் பிறிட்ஜ், ராணி மாளிகை ஒண்டைப் பற்றியும் அவர் வாய் திறந்து நாங்கள் கேக்கேல்லை, எல்லாம் றேடியோதான், அதிலையும் பிபிசியின்ரை பொழுதுபோக்கு நிலையம். பிபிசி லைற் புறோகிராம், லோங் வேவ், 1500 மீற்றர், இதைச் சிவபுராணம் மாதிரி ஒப்புவிப்பம். மத்தியானம் சாப்பிட்டிட்டு நித்திரை தூங்கிற முதல் பாடத்துக்கு வந்து நிண்டு "ஆர் யூ சிற்றிங் கொம்ஃபட்டபிளி? தென் ஐல் பிகின்" எண்டுவார். அது அங்கை பள்ளிக்கூடம் போகாத குஞ்சு குருமானுகளுக்கு ஒண்டே முக்காலுக்குப் போற கதைநேரத்து வசனம் எண்டு எங்களுக்கு என்ன தெரியும், ஏதோ பெரிய இங்கிலிஷாக்கும் எண்டு எல்லாரும் எழும்பி நிண்டு "யெஸ் சேர்" சொன்னனாங்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்குப் பெருநாள். பன்ரண்டு மணிக்கு ரூ-வே ஃபமிலி ஃபேவரிற்ஸ், ஜேர்மனியிலை நிக்கிற பட்டாளக்காரருக்கு வீட்டு ஆக்களும், வீட்டு ஆக்களுக்கு அவையுமாப் பாட்டுக் கேக்கிறது. லண்டன் பக்கம் ஜீன் மெற்காஃப், ஹம்பேர்க்கிலை கிளிஃப் மிச்செல்மோர், குரலிலை தொடங்கின பழக்கம் 1950இலை கலியாணத்திலை முடிஞ்சுது, இதைச் சொல்லேக்கை மாஸ்ரர் ஏனோ யன்னலுக்கு வெளியாலை பாப்பார். பிறகு பில்லி கொட்டன் பாண்ட், "வேக்கி வே...க்கீ!" எண்டு ஒரு கத்தல், பக்கத்து வகுப்பு ரீச்சர் எட்டிப் பாக்கிற அளவுக்கு இவரும் கத்திக் காட்டுவார். அந்த நேரம் குசினியிலை றோஸ்ற் மணக்கும் எண்டுவார், என்ன றோஸ்ற் எண்டு சைவப் பெடியளுக்கு முன்னாலை சொல்லமாட்டார்.

ஆர்ச்சி எண்டொரு பொம்மையும் இருந்தது. பீற்றர் புறோ எண்டவர் அதை மடியிலை வைச்சு, தன்ரை வாய் அசையாமல் கதைக்கிறது. பின்வாங்கில் பெடியன் ஒருத்தன் "சேர், றேடியோவிலை வாய் அசையிறதை ஆர் பாக்கிறது?" எண்டு கேட்டுப் பாடம் முடியுமட்டும் வெளியிலை நிண்டான். நியாயமான கேள்விதான்.

எந்தக் கதையிலையும் "நாங்கள்" எண்டுதான் வரும். நாங்கள் சிரிச்சம், நாங்கள் மேசையிலை இருந்து கேட்டம். 1955 செப்டெம்பர் 22, ஐரிவி எண்ட தனியார் ரீவி தொடங்கின அதே இரவு, தி ஆர்ச்சேர்ஸ் எண்ட றேடியோ நாடகத்திலை கிறேஸ் எண்ட பொம்பிளை எரியிற லாயத்துக்குள்ளை குதிரையைக் காப்பாத்தப் போய்ச் செத்துப்போனா, நாங்கள் எல்லாரும் அழுதம் எண்டார்.

1961 பெற்றார் தினத்துக்கு "லைற் புறோகிராமிலை ஒரு நாள்". மேடையிலை சீலை கட்டி மறைச்சு, உள்ளை ஒரு மைக், சபை காதாலை மட்டும் கேக்கோணும். சிரட்டை தட்டினா குதிரை, தகரம் ஆட்டினா இடி. குரல் உடையாதவன் நான் எண்டதாலை லைற் புறோகிராம் தொடர்நாடகத்து டொக்டர் பெண்சாதி மிஸிஸ் டேல் என்ரை தலையிலை விழுந்தது. புருசன் பேர் ஜிம். சொல்லவேண்டியது ஒரே வசனம், "ஐ ஆம் றாதர் வொறீட் எபவுட் ஜிம்". மூண்டு கிழமை பாடமாக்கினன். மைக்கைக் கண்டோடனை வாயிலை வந்தது, "ஐ ஆம் றாதர் மரீட் ரு ஜிம்".

பொய்யில்லை, கட்டினவதானே! ஆனா மண்டபம் குலுங்கிச்சுது. மாஸ்ரர் சீலையை இழுத்து விலத்தி என்ரை காதைப் பிடிச்சுச் சபைக்குக் காட்டி, "டேய், நீ லண்டன் பக்கம் தலைவைச்சும் படுத்திடாதை" எண்டார். அதுக்கும் கைதட்டினவை. மூண்டாம் வரிசையிலை அப்பா, இங்கிலிஷ் ஒரு சொல்லும் தெரியாது, எல்லாரும் தட்டினமெண்டு தானும் தட்டினவர்.

அந்த ரோசமோ என்னவோ, 1974இலை வந்து இறங்கிட்டன். ஈஸ்ற் ஹாமிலை மேல்மாடி அறை. இன்ரவியூவிலை என்னைக் காப்பாத்தினது மாஸ்ரர் தந்த இங்கிலிஷ்தான், அதை மறுக்கேலாது. ஆனா லைற் புறோகிராமைத் தேடினா அது 1967இலை மூடி றேடியோ ரூ ஆகிப்போட்டுது, மிஸிஸ் டேலும் 1969இலை சரி. எனக்குத் தெரிஞ்ச லண்டன் நான் வர முன்னமே போட்டுது.

1982இலை தங்கச்சியின்ரை கலியாணத்துக்குப் போனபோது மாஸ்ரரைப் பாக்கப் போனன். விறாந்தையிலை சாய்மனைக் கதிரை, பக்கத்திலை ட்ரான்சிஸ்ரர், இரவிலை லண்டன் தமிழோசை கேக்கிறவராம். கதையோடை கதையா, சேர், அந்த வீட்டு ஆக்களோடை பிறகு தொடர்பு இருந்ததோ எண்டு கேட்டன்.

"எந்த வீட்டு ஆக்கள்?"

"ஞாயிற்றுக்கிழமையிலை சேர்ந்து சாப்பிட்டு றேடியோ கேட்டனீங்களே சேர்."

கொஞ்ச நேரம் பேசேல்லை. "றேடியோ அவையின்ரையெல்லோ" எண்டார். "நான் மேல்மாடி, அவை கீழை. பலகை நிலம். கம்பளத்தைச் சுருட்டிப்போட்டுக் காதை வைச்சுப் படுத்தா வடிவாக் கேக்கும். அந்த மனிசி கிறேஸுக்கு அழுததும் கேட்டது. எப்பன் கீழை வாரும் எண்டு கூப்பிடுவினம் எண்டு பாத்தன். ஒரு கிறிஸ்மஸுக்கு மட்டும் கதவடியிலை கேக் துண்டு வைச்சவை."

எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. நானும் அப்ப எட்டு வருசமா இங்கை, பக்கத்து வீட்டு ஆக்களின்ரை பேர்கூடத் தெரியாது, ஆனா அம்மாவுக்கு எழுதிற எயார் லெற்றரிலை "நாங்கள் இங்கை" எண்டுதான் தொடங்குவன்.

பிளேன்ரீ வந்தது. மாஸ்ரர் பேச்சை மாத்தினார்.

"நீர் எப்பிடி, இப்பவும் மேல்மாடியோ? கீழை ஆர் இருக்கினம்?"

எனக்குக் கொஞ்சம் பெருமை. "முழு வீடும் வாங்கிட்டன் சேர். கீழையும் நாங்கள்தான்."

"அப்ப ஒரு சத்தமும் வராது" எண்டார்.