ஒரே ஆட்டத்துக்கு ஒரே விசில்

குன்னூரில் இன்று காலை எதிர்க்கடைகூடத் தெரியாத மூடுபனி. டீக்கடை பெஞ்சில் மாமாவும் நானும் பழைய சண்டையை மறுபடி ஆரம்பித்தோம்: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் 2006 இறுதித்தொடர், ஐந்தாவது ஆட்டம். மயாமியின் டுவைன் வேட் ஒருவருக்கே 25 ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணி ஃபவுல் செய்ததற்காகத் தடுப்பாரின்றிக் கூடைக்கு எறியும் வாய்ப்பு. டல்லஸ் அணி மொத்தத்துக்கும் சேர்த்தே 25தான்! ஓவர்டைமில் மயாமி 101-100 என்று ஜெயித்தது.

"உள்ளே புகுந்து அடி வாங்கினான்ல, ஃபவுல் கொடுக்காம என்ன செய்வாங்க?" என்கிறார் மாமா. சரி, நியாயம்தான். ஆனால் முதல் குவார்ட்டரில் கண்டுகொள்ளாமல் விடும் உரசலுக்குக் கடைசி நிமிடத்தில் விசில் ஊதினால், தடுக்கிறவன் எதை நம்பிக் கை நீட்டுவான்? அதுதான் எனக்கு ஆறவில்லை. நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத் தீர்ப்புகளை 2015 முதல் லீக்கே அலசி வெளியிடுகிறது. தப்பு என்று ஒப்புக்கொண்டாலும் ஸ்கோர் மாறாதே.

டீயில் ஆடை படிந்துவிட்டது. மாமா இன்னும் விடவில்லை.